தெருவுக்கு விடை சொல்லும் பதவி

2022-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று தாம்பரம் மாநகராட்சி தன் முதல் மேயரைத் தேர்ந்தெடுத்தது. பட்டியல் இனப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த அப்பொறுப்பை ஏற்ற வசந்தகுமாரி கமலக்கண்ணன் ஒரு பொறியியல் பட்டதாரி. அகவை இருபத்தைந்தை ஒட்டியவர். திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் மாமன்ற உறுப்பினராக வென்று அவருக்குச் சில நாள்களே ஆகியிருந்தன. அதே நாளில், 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கு ஆர். பிரியா மேயரானார். சென்னையில் அந்த இருக்கையில் அமர்ந்த முதல் பட்டியல் இனப் பெண் அவரே.

நெடுங்காலம் தீர்க்கப்படாத கடன் ஒன்று அன்று ஓரளவு தீர்ந்தது. அதற்கு வழி செய்த இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை நாம் எவ்விதத் தயக்கமும் இன்றி வரவேற்கிறோம். சட்டத்தின் கட்டாயம் இல்லாதிருந்தால் எந்தப் பெருங்கட்சியும் இவ்விருவரையும் மேயராக்க முன்வந்திராது என்பதே நம் உறுதியான கருத்து. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் நகர மன்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு உறுதி செய்தது. 2016-இல் தமிழ்நாடு அதனை ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. மாமன்றக் கூட்டங்களுக்குப் பெண்கள் பாதிப்பேராய் வந்து அமர்வது இன்று இயல்பான காட்சி. ஒரு தலைமுறைக்கு முன்னர் அதைக் கற்பனை செய்வதும் அரிது.

ஆயினும் தாம்பரத்தின் முதல் மாமன்றத்தைப் பற்றி எழுதுங்கால் மகிழ்ச்சியோடு நின்றுவிட நம்மால் இயலவில்லை. நகராட்சிப் பதவிக்கு வலிமையும் மாண்பும் இருந்த காலத்தில் பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் அது எட்டவில்லை. அவர்கள் கைக்கு அது எட்டிய காலத்திலோ அதன் அதிகாரங்கள் ஒவ்வொன்றாக வேறிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. தாம்பரம் மேயரின் ஆட்சிக் காலத்தை எடைபோட விரும்பும் எவரும் முதலில் இந்த உண்மையை எதிர்கொண்டாக வேண்டும்.

தமிழ்நாட்டின் பெருந்தலைவர்கள் பலரும் நகராட்சியில் தொடங்கியவர்கள். ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த ஈ.வெ. இராமசாமி, ஊருக்குக் காவிரி நீரைக் குழாய்வழிக் கொண்டுவந்ததை அவ்வூரார் இன்றும் சொல்வர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1917 முதல் 1919 வரை, சேலம் நகராட்சியின் தலைவராக இராஜாஜி இருந்தார். அந்த மன்றத்தில் முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் இடம்பெற அவரே காரணம். சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-இல் பணி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. சென்னை இன்றும் அந்நீரைக் குடிக்கிறது. சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காமராசர், 1941-இல் விடுதலையானதும் அப்பதவியைத் துறந்தார். முழுக் கவனத்தையும் தர இயலாத பொறுப்பில் அமர்ந்திருத்தல் முறையன்று என்பது அவர் கொள்கை. பதவி சிறிது என்று கருதி அவர் விலகவில்லை. அதன் கனத்தை உணர்ந்தே விலகினார்.

இந்த நால்வரும் வெள்ளையர் ஆட்சியில், குறுகிய வாக்குரிமையின் கீழ்ப் பணியாற்றியவர்கள். இருந்தும் குடிநீர்த் திட்டம் ஒன்றை எண்ணித் துணிந்து நிறைவேற்றும் இடம் அன்றைய நகர மன்றத்துக்கு இருந்தது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குத் தலைவராகிய தாம்பரம் மேயருக்கு அந்த இடம் உண்டா? குடிநீருக்கு வாரியங்கள் உள்ளன. நெடுஞ்சாலைக்குத் தனித் துறை உள்ளது. நிலப் பயன்பாட்டையும் அடுக்குமாடிகளின் உயரத்தையும் வரையறுப்பது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தினது. மாநகராட்சி ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. எஞ்சியிருப்பவை குப்பை, தெருவிளக்கு, உட்தெருச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, பிறப்பு இறப்புச் சான்று. இவை சிறியன என்று நாம் சொல்லமாட்டோம். மனிதர் அன்றாடம் வாழ்வது இவற்றின் நடுவேதான். எனினும் அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகர மன்றங்களுக்கென வகுத்துத் தந்த பணிகள் பதினெட்டு. முப்பதாண்டுகள் கடந்தும் அவற்றை முழுமையாக ஒப்படைக்கும் மனம் எந்த அரசுக்கும் வரவில்லை. இதில் கட்சி வேறுபாடு காணுதல் அரிது.

தாம்பரத்தைப் பொறுத்தவரை இக்குறை நீரில் எழுதிக் காட்டப்பட்டுள்ளது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராசபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகளும் முதல் தளம் வரை மூழ்கின. படகில் மீட்கப்பட்டவர்கள் தம் வீட்டுப் பத்திரத்தையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் இழந்து நின்றனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே தெருக்களில் மீண்டும் வெள்ளம். இவற்றுக்கெல்லாம் மக்கள் முதலில் தட்டுவது மாமன்ற உறுப்பினர் வீட்டுக் கதவை. அவரோ அடையாற்றின் கரையை உயர்த்த இயலாதவர். ஏரியின் கலங்கலைத் திறக்க உரிமை இல்லாதவர். ஆறும் ஏரிகளும் நீர்வளத் துறையிடம் உள்ளன. 2021-இல் மாநகராட்சி அமைந்தபோது, வெள்ளத்தில் முதலில் மூழ்கும் முடிச்சூர் ஊராட்சி அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. நீர் வழிந்தோடும் திசையைப் பார்த்து எல்லை வகுத்திருந்தால் இத்தகைய கோடு விழுந்திராது.

ஏரிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பீர்க்கன்காரணை, இரும்புலியூர், மாடம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், நெமிலிச்சேரி, கீழ்க்கட்டளை என்று இந்நிலப்பரப்பு ஏரிகளால் ஆனது. கிழக்குப் பகுதியின் ஏரிகள் ஒன்று நிறைந்து மற்றொன்றுக்கு நீர் தந்து இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். பல்லாவரம் பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் செல்லும் ஆரச்சாலை இரண்டாகப் பிளந்து செல்கிறது. ஏனையவற்றில் கழிவுநீர் கலக்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களின் கழிவை அள்ளும் லாரிகள் அதை எங்கே கொட்டுகின்றன என்பது கரையோரத்தில் வாழும் எவருக்கும் தெரியும். 2022-இல் பள்ளிக்கரணை ராம்சர் நிலம் என்ற உலகச் சிறப்பைப் பெற்றது. அதற்கு நீர் அனுப்பும் ஏரிகளோ அத்தகைய காவல் எதுவும் பெறவில்லை.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அமைந்திருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. தேர்தல் வரும்போதெல்லாம் நம் தலைவர்கள் அதை மேடையில் எடுத்துரைப்பர். அந்தச் சபையில் ஏரி வாரியம் என்றொரு குழு இருந்தது; ஏரியைக் காப்பது அதன் கடமை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுமுறை தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பதும் அங்கே விதி. இவை பெருமைக்குரியனவே. எனினும் அது நிலம் உடைய அந்தணரின் சபை. பெண்ணுக்கும் சேரியில் வாழ்ந்தவருக்கும் அங்கு இடமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, அதே மண்ணில், பட்டியல் இனப் பெண் ஒருவர் ஒரு மாநகரத்தின் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். மக்களாட்சியின் வெற்றி இது. ஆனால் அந்த அந்தணர் சபைக்கு ஏரியின்மீது இருந்த அதிகாரம் இந்த மன்றத்துக்கு இல்லை. பெருமை பேசுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர் 3 அன்று உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. எழுபது வார்டுகள், ஐந்து மண்டலங்கள். 1928-இல் தோன்றிய காசநோய் மருத்துவமனை, 1931-இல் ஓடத் தொடங்கிய மின்சார இரயில், 1937-இல் குடிபெயர்ந்து வந்த கிறித்தவக் கல்லூரி, தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை, 1984-இல் அமைந்த ஏற்றுமதி வளாகம் என இப்பகுதியின் வளர்ச்சிக்கு அடுக்கடுக்கான காரணங்கள் உண்டு. தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வருவோர் பலர் முதலில் வாடகைக்கு வீடு பிடிப்பது இங்கேதான். ஓய்வு பெற்ற அரசு ஊழியரும், ஏற்றுமதி வளாகத்தில் மூன்று வேளை மாற்றுப்பணி செய்யும் பெண்ணும், நாகல்கேணித் தோல் தொழிலாளியும் ஒரே வார்டில் வாக்களிக்கின்றனர்.

இத்தனை பெருத்த மக்கள்தொகைக்கு 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட நகர மன்றங்களில் இல்லை. 2016 தேர்தல் அறிவிக்கையை அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. அதன்பின் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, சட்டத் திருத்தம் என்று ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் தள்ளிப்போயிற்று. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்தாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-யு பிரிவு. சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளிவைக்கலாகாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது. இரண்டும் தமிழ்நாட்டில் மீறப்பட்டன. தனி அலுவலர்கள் ஆண்டனர். கொரோனா பெருந்தொற்று வந்தது அந்த இடைவெளியில்தான். தெரு அடைக்கப்பட்டபோது, அரிசியும் மருந்தும் வேண்டி மக்கள் அலைந்தபோது, மயானத்தில் வரிசை நின்றபோது, கேள்வி கேட்பதற்கு ஓர் உறுப்பினர் இல்லை. இக்குற்றத்துக்கு எவரும் விடை சொல்லவுமில்லை, தண்டிக்கப்படவுமில்லை.

அந்த ஆண்டுகளில் புறநகரின் பொதுவாழ்வைத் தாங்கியவை குடியிருப்போர் நலச் சங்கங்கள். சிட்லபாக்கத்து மக்கள் தம் ஏரியில் இறங்கித் தாமே தூர்வாரினர். குப்பை மேட்டையும் ஆக்கிரமிப்பையும் எதிர்த்து மனு எழுதினர், நீதிமன்றம் சென்றனர். இறுதியில் அந்த ஏரியின் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. செம்பாக்கம் ஏரியில் தொண்டு நிறுவனங்களும் சென்னை ஐ.ஐ.டி.யும் கைகோத்தன. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சுரங்கப்பாதைக்காகவும் நடைமேடைக்காகவும் பல்லாண்டுகள் சலியாது மனு எழுதிய முதியவர்களை இவ்வட்டாரம் அறியும். ஊதியமில்லாத இவ்வுழைப்பை நாம் பணிவோடு போற்றுகிறோம்.

ஆனால் நலச் சங்கம் மாமன்றத்துக்கு மாற்றாகிவிட முடியாது. பெரும்பாலான சங்கங்களில் சந்தா கட்டி உறுப்பினராவோர் மனை உடையவர்கள். வாடகைக்கு இருப்போர், விடுதியில் தங்கும் தொழிலாளர், வாய்க்கால் கரையில் குடிசை கட்டியோர் அதில் இல்லை. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் பல ஆண்டுகளாக வாழ்ந்தவர்களின் வீடுகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் தொலைவிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. ஆறு அகல வேண்டும் என்பதில் வெள்ளத்தைக் கண்ட எவருக்கும் ஐயமில்லை. ஆனால் வீடு இழந்தவரின் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், வீட்டு வேலை செய்த தாய் எந்தப் பேருந்தில் திரும்பி வருவார் என்ற கேள்விகளைக் கேட்கும் கடமை எவருடையது? அந்த மக்களும் வாக்களித்தே மாமன்றம் அமைந்தது. ஏரி மீள வேண்டும் என்று கோரும் மனைக்காரரும், கரையில் வாழும் ஏழையும் ஒரே உறுப்பினருக்கு வாக்களித்தவர்கள். இருவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசவைக்கும் தகுதி அவர் ஒருவருக்கே உண்டு. நகர அரசியலின் மிகக் கடினமான, மிக உயர்ந்த பணி அதுவே என்பது நம் கருத்து.

அப்பணிக்குத் தமிழ்நாட்டில் ஓர் அளவுகோல் உண்டு. மதுரை வில்லாபுரத்தின் நெசவாளர் லீலாவதி, மாதர் சங்கத்தில் உழைத்து, 1996 உள்ளாட்சித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் மதுரை மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கி வாழ்ந்த தம் பகுதிக்குக் குழாய்வழிக் குடிநீர் கொண்டுவரப் போராடினார். தண்ணீரை விற்று வாழ்ந்த கூட்டத்தின் பகை அவரைச் சூழ்ந்தது. 1997 ஏப்ரல் 23 அன்று, பதவியேற்று ஓராண்டும் நிறையாத நிலையில், பட்டப்பகலில் கடைத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ ஆகும் எண்ணம் அவருக்கு இருந்ததாக எவரும் சொன்னதில்லை. ஒரு வார்டின் குடிநீர்க் குழாயே அவருடைய அரசியல் வாழ்வின் முழுப்பொருளாய் இருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின்னும் மதுரை அவரை நினைக்கிறது.

குடிநீர் இன்றும் உயிர்ப் பிரச்சினையே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரத்தை ஒட்டிய பகுதிகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர்; உயிரிழப்புகளும் நேர்ந்தன. கழிவு கலந்த குடிநீரே காரணம் என்றனர் மக்கள். அரசு அதை மறுத்தது. பாதிக்கப்பட்ட தெருக்களில் சில கன்டோன்மென்ட் வாரியத்தைச் சேர்ந்தவை, சில மாநகராட்சியைச் சேர்ந்தவை. நோயுற்றவர் வீட்டில் அந்த எல்லைக்கோட்டுக்கு என்ன பொருள்? எந்தக் குழாய் எந்தச் சாக்கடையின் அருகே செல்கிறது என்பதை வார்டு உறுப்பினர் அறிந்திருக்க வேண்டும். நீரின் ஆய்வு முடிவுகளை மாதந்தோறும் தெருவில் ஒட்டிவைக்கும்படி வற்புறுத்த வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

அதிகாரம் இல்லை என்பதே எல்லாவற்றுக்கும் விடையாகிவிடக் கூடாது என்பதாலேயே இதைச் சொல்கிறோம். மாநில அரசைக் குறை கூறும் உரிமை, தன் கையில் உள்ளதைச் செய்து முடித்தவருக்கே முழுமையாக வாய்க்கும். நகர மன்ற உறுப்பினர் என்றாலே வீடு கட்டுவோர் அஞ்சும் நிலை தமிழ்நாட்டின் பல ஊர்களில் உள்ளது; ஒப்பந்தத்தில் பங்கு, ஆழ்துளைக் கிணறு தோண்டினால் பணம் என்ற முறையீடுகள் புதியன அல்ல. பெண்ணுக்கென ஒதுக்கிய இருக்கையின் பின்னால் கணவரோ தந்தையோ நின்று ஆளும் வழக்கமும் ஒழியவில்லை. அது ஒதுக்கீட்டுச் சட்டத்தையே களவாடுவது. 2023-இல் மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாய் எனத் தமிழ்நாடு அரசு மதிப்பூதியம் அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் செல்வம் இல்லாத ஒரு பெண், வேறு வருவாய் இன்றி, முழுநேரமும் வார்டுக்கு உழைக்க அந்தப் பத்தாயிரம் போதுமா என்பதை அரசு எண்ணிப் பார்க்க வேண்டும். போதாத ஊதியம் நேர்மையானவரை விலக்கி வைக்கும். மற்றவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

மாமன்றம் பதவியேற்று ஒரு மாதம் ஆவதற்குள் அதன் நிலை என்னவென்று வெளிப்பட்டுவிட்டது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் சொத்துவரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு. அதற்கு மேல் பரப்புக்கேற்ப இன்னும் அதிகம். முடிவு எடுக்கப்பட்டது கோட்டையில். அதற்குத் தீர்மானம் நிறைவேற்றியவை புதிய மன்றங்கள். வரி உயர்வே கூடாது என்று நாம் வாதிடவில்லை. நெடுநாள் உயர்த்தாத வரியை உயர்த்தாமல் வடிகால் கட்ட இயலாது. ஆனால் தன் ஊரின் வரியைத் தானே ஆராய்ந்து, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று விவாதித்து, மக்களிடம் விளக்கி, அதன் பழியையும் தானே ஏற்கும் உரிமை ஒரு மாமன்றத்துக்கு வேண்டும். அந்தப் பயிற்சியிலிருந்தே நகரத் தலைவர்கள் உருவாவர்.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இவ்வலிமைக் குறைவுக்கு ஒரு காரணம். 1996-இல் தமிழ்நாட்டு மக்கள் மேயர்களை நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர்; சென்னையில் அவ்வாறு வென்றவர் மு.க. ஸ்டாலின். 2006-இல் மறைமுகத் தேர்தல். 2011-இல் மீண்டும் நேரடி. 2022-இல் மீண்டும் மறைமுகம். ஆளும் கட்சியின் வசதிக்கேற்ப முறை மாறிக்கொண்டே இருந்தது. மறைமுகமாக வந்த மேயர் மக்களின் வாக்கைக் காட்டிலும் கட்சியின் குறிப்பை நோக்கியே இருக்க நேர்கிறது. 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் ஒரே நாளில் பதவி விலகினர். அவ்விரு நகரங்களின் வாக்காளருக்கு அதில் எந்தப் பங்கும் இருக்கவில்லை. கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மேயரானதும், தாம்பரத்தில் இளம் பொறியாளர் மேயரானதும் கட்சிகள் எடுத்த நல்ல முடிவுகளே. அந்த முடிவுகளுக்கு மக்களின் நேரடி வாக்கு துணைநின்றிருந்தால், ஆணையரோடும் அமைச்சரோடும் பேசும்போது அவர்களின் குரல் வேறாக ஒலித்திருக்கும்.

மக்களிடம் நேரே போவதற்கு ஒரு வழி திறக்கத்தான் செய்தது. 2022 ஜூனில் வார்டு குழு, பகுதிச் சபை விதிகள் வெளியாயின. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, நகர்ப்புறங்களில் முதன்முறையாகப் பகுதிச் சபைகள் கூடின. முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அன்று கலந்துகொண்ட கூட்டம் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்தது. ஊராட்சிகளில் கிராம சபை இருக்க, நகரத்து மக்களுக்கு மட்டும் அவ்வாறான அவை இல்லாதிருந்த குறை அன்று நீங்கியதாக இப்பகுதி மகிழ்ந்தது. கூட்டம் ஆண்டுக்கு நான்கு முறை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் சபையின் சார்பாளர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர் அல்லர், நியமிக்கப்படுவோர். கூட்ட அறிவிப்பு முந்தைய நாள் மாலையில் வந்தால் வேலைக்குச் செல்வோர் எவ்வாறு வருவர்? முந்தைய கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்ற அறிக்கை இல்லாமல் அடுத்த கூட்டம் கூடினால், வந்தவர் மறுமுறை வரமாட்டார்.

தாம்பரத்தின் முதல் மேயரிடமும் எழுபது உறுப்பினரிடமும் நாம் கேட்பது இதுவே. பகுதிச் சபையை ஒவ்வொரு வார்டிலும் மாலை வேளையில், பத்து நாள் முன்னறிவிப்போடு கூட்டுங்கள். வாடகைதாரரையும் கரையோர மக்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். வார்டுக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், பணி முடிய வேண்டிய நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தெருமுனையில் வையுங்கள். ஏரிகள் உங்கள் அதிகாரத்தில் இல்லை என்றாலும், ஒவ்வோர் ஏரியின் நிலையையும் பற்றி மாமன்றத்தில் விவாதித்துத் தீர்மானம் இயற்றி நீர்வளத் துறைக்கு அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. துறை மறுக்குமானால் மறுப்பு எழுத்தில் வரட்டும். அதை மக்கள் படிக்கட்டும்.

மாநில அரசிடம் கேட்பது வேறு. 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் கால் நூற்றாண்டு காத்திருந்து 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதில் மேயரின் அதிகாரம் இன்னும் குறுகியே உள்ளது. மேயரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறையை, எந்த ஆட்சியும் எளிதில் மாற்ற இயலாதவாறு, அதில் சேர்க்க வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் உள்ள ஏரிகளைப் பராமரிக்கும் பொறுப்பை, நிதியோடும் பொறியாளரோடும் சேர்த்து மாமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும். வெறும் பொறுப்பை மட்டும் தள்ளிவிட்டால் அது உதவியாகாது.

இந்த மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைவுறும். அதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்பது அரசியலமைப்பின் ஆணை. சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைத்து எல்லையை விரிப்பது, வார்டுகளைத் திருத்தி வரைவது ஆகிய பணிகள் தேவையெனில் அவற்றைக் காலத்தோடு முடித்துக்கொள்வது மாநில அரசின் கடமை, மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை. 2016-க்குப் பின் சொல்லப்பட்ட காரணங்களும் இவையே. தனி அலுவலர் ஆட்சியின் கீழ் இன்னொரு வெள்ளத்தையோ இன்னொரு நோயையோ எதிர்கொள்ளும் நிலை தாம்பரத்துக்கு வருமானால், உயர் நீதிமன்றத்தை நாட இப்பகுதியின் நலச் சங்கங்களும், பதவியில் உள்ள உறுப்பினர்களும், எதிர்க்கட்சியினரும் ஒன்றாகவே ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்குரிய மனுவை எழுதத் தொடங்கத் தேர்தல் தவறும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.